விசில் எண்ணும் விரல்கள்

எங்கள் வீட்டில் அலாரம் கடிகாரம் கிடையாது; அத்தை இருந்தார். என் வீட்டுக்காரருடைய அம்மா. விடிவதற்கு முன்பே எழுந்து, சமையலறைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக நலம் விசாரித்து இடம் மாற்றி வைப்பார். அந்தச் சத்தத்தில் முதலில் மாமா எழுவார், பிறகு என் வீட்டுக்காரர், கடைசியாக முனகிக்கொண்டே நான். வெயில் வந்த பிறகும் படுத்திருக்கிற ஆள் உருப்பட மாட்டார் என்பது அத்தையின் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவர்தான், தொண்டரும் அவர்தான். ஆனாலும் வீட்டில் என்றைக்கும் அதுதான் ஆளுங்கட்சி.

அப்படிப்பட்டவர், ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், ராத்திரி வேலைக்குச் சேர்ந்தார்.

எல்லாம் மாமாவின் குடலிறக்கத்தால் வந்தது. அறுவை சிகிச்சைக்காக மாமா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அத்தைக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வார்டை ஒரு சுற்று, மாடியை ஒரு சுற்று என்று போனவர், ஒருநாள் கீழ்த்தளத்துக்கும் இறங்கிவிட்டார். அங்கே அறுவைக் கருவிகளைக் கழுவி, பச்சைத் துணியில் மூட்டை கட்டி, நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவு இருந்தது. ஆளுயரத்துக்கு ஓர் இயந்திரம் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "என்னம்மா இது, குக்கரை இவ்வளவு பெருசா செஞ்சு வச்சிருக்கீங்க?" என்று அத்தை கேட்க, அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் அம்மா சிரித்துவிட்டார். பேச்சு வளர்ந்தது. ராத்திரிக்கு ஆளே நிற்க மாட்டேனென்கிறார்கள் என்று அவர் அலுத்துக்கொண்டார். மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, எந்த மாத்திரை எப்போது என்று எங்களுக்கு ஒப்பித்து முடித்த அதே மூச்சில், "அப்புறம், நான் வேலைக்குப் போறேன்" என்றார் அத்தை.

மாமாவுக்குச் சிரிப்பு வந்து, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"வேண்டிய வேலையெல்லாம் செஞ்சு முடிச்சாச்சுங்க. இனிமே கொஞ்சம் வேண்டாததையும் செஞ்சு பாக்கலாம்னு இருக்கேன்."

மூன்று மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் நிரந்தரம் என்று ஏற்பாடு. முதல் வாரத்திலேயே அத்தைக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்று என்றால் சாதாரணமாக இல்லை. பச்சைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து தானே துவைத்து, இஸ்திரி போட்டு, கண்ணாடி முன்னால் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "பட்டன் சரியா இருக்கான்னு பாத்தேன்" என்பார்.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அங்க ஒருத்தரும் என்கிட்ட அது எங்க, இது எங்கன்னு கேக்கறதில்லம்மா. என் வேலையை நான் பாக்கறேன். முடிச்சதும் மூட்டை மேல என் கையெழுத்து. அது இல்லாம டாக்டர் அந்தக் கத்தியைத் தொடவே மாட்டாரு." சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்திருந்தது. என் கல்யாணத்தில்கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

ராத்திரி விழிப்பதில் அவருக்குச் சிரமமே இல்லை. பகலில் தூங்குவதுதான் வரவில்லை. அது வராது என்று எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும்.

ஏனென்றால், நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கால் சென்டரில் ராத்திரி வேலை. விடிந்து வீட்டுக்கு வருவேன், பகலில் தூங்குவேன். வேலை செய்துவிட்டுத்தான் தூங்குகிறேன் என்பது அத்தையின் கட்சிக் கொள்கைக்குப் புரியவே இல்லை. என் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு நல்ல தூக்கம் பிடிக்கிற நேரம் பார்த்து, என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓட ஆரம்பிக்கும். நின்று நின்று, விட்டு விட்டு, வெகு நேரம் ஓடும். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பகல் வேலைக்கு மாறிக்கொண்டேன். மிக்ஸிதான் காரணம் என்று சொன்னால் மிகை. மிக்ஸியும் ஒரு காரணம்.

இப்போது பகலில் தூங்க வேண்டிய முறை அத்தைக்கு.

காலையில் வந்ததும் படுக்கப் போக மாட்டார். தொட்டியில் கிடக்கும் பாத்திரங்கள் அவரைக் கூப்பிடும். கழுவுவார், துடைப்பார், எங்களை அனுப்புவார், துணி காயப்போடுவார். வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் போய்ப் படுப்பார். கேட்டால், "சும்மா சாஞ்சிருக்கேன்" என்பார். 'தூங்குகிறேன்' என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. வந்தால் கட்சியிலிருந்து தன்னைத்தானே நீக்கிக்கொள்ள வேண்டியிருக்குமே!

சாய்ந்தே காலத்தை ஓட்டினால் உடம்பு சும்மா விடுமா? ஒரு விடியற்காலையில், இயந்திரம் வேலையை முடித்து 'டிங்' என்று மெல்லக் கூப்பிட்டிருக்கிறது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். சூப்பர்வைசர் அம்மா வந்து தட்டி எழுப்பினார். மறுபடி ஒருமுறை அப்படியே ஆனது. அன்றைக்கு ஓர் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிற்று. "நீங்க நல்லா செய்றீங்கம்மா, அதனாலதான் சொல்றேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார் அவர்.

இதை அத்தை மாமாவிடம் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். கண்ணில் நீர். வெங்காயம்தான் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

"அந்த வேலை போயிடக் கூடாதும்மா எனக்கு" என்றார். பிறகு வெங்காயத்தைப் பார்த்தே கேட்டார்: "நீ எப்படித் தூங்குவே, பகல்ல?"

அடடா! அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன்! பொய் சொல்வானேன், பழிவாங்க ஆசையாகத்தான் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மறுநாள் அத்தை சாய்ந்திருந்தபோது மிக்ஸி சுவிட்சில் கைகூட வைத்துவிட்டேன். ஒரே ஒரு சுற்று, ருசி பார்க்க மட்டும். ஆனால் முந்தின நாள் பார்த்த அந்த வெங்காயக் கண்கள் நினைவுக்கு வந்து தொலைத்தன. கையை எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே சட்டம் போட்டேன். நடு ராத்திரிக்குப் பிறகு காபி கூடாது. திரும்பி வரும்போது வெயில் கண்ணில் படாதபடி கறுப்புக் கண்ணாடி. வாசலில் நுழைந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பாமல் நேராகப் படுக்கை. ஜன்னலுக்குக் கனத்த கம்பளி, காதுக்குப் பஞ்சு, அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிடுவது, செல்போன் என் பொறுப்பில். கறுப்புக் கண்ணாடியோடு அத்தை வந்திறங்கிய முதல் காலையில் மாமா கதவைத் திறந்துவிட்டு, "யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். அத்தை தொட்டிப் பக்கம் பார்க்காமல், குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி நேரே அறைக்குப் போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெருமை மத்தியானம் வரைக்கும்தான். குக்கரில் கடலை வைத்துவிட்டு, ஆள் தூங்குகிறாரா என்று கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். கண் மூடியிருந்தது, மூச்சும் சீராக வந்தது. சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரம் குக்கர் முதல் விசில் அடித்தது. போர்வைக்கு வெளியே கிடந்த அத்தையின் கையில் சுண்டுவிரல் மடங்கியது. அடுத்த விசிலுக்கு மோதிர விரல். மூன்றாவது விசிலுக்கு நடுவிரல் மடங்க வேண்டியதுதான் பாக்கி, விருட்டென்று எழுந்து, அரைக் கண்ணோடு என்னைத் தாண்டிப் போய், அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தார். அதன் பிறகு கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தார்.

காதில் பஞ்சு வைத்திருந்தும்!

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் குக்கர் கூப்பிட்டால் எழ மாட்டார், வீட்டுக் குக்கர் கூப்பிட்டால் தூங்க மாட்டார். இதுதான் அத்தையின் வியாதி என்று கண்டுபிடித்தாயிற்று. மருந்து சுலபம் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து பகலில் குக்கரே வேண்டாம், எல்லாம் திறந்த பாத்திரத்தில் என்று உத்தரவு போட்டேன்.

மத்தியானம் அத்தை கலைந்த தலையோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, விசிலையே காணோம்? கேஸ் தீந்துபோச்சா?"

விசில் வராத கவலையில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை என்றார். மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்சம் நாள்தான் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம் விழுந்துவிட்டது. ராத்திரி நாற்காலியில் உட்காரவே பயந்து, நின்றுகொண்டே வேலை செய்வதாகச் சொன்னார்.

வழி கிடைத்தது அத்தை வாயிலிருந்தே. ஒருநாள் காலையில் தாமதமாக வந்தார். தனக்கு அடுத்து வர வேண்டிய பெண் நேரத்துக்கு வரவில்லையாம்.

"சாவியை மேஜை மேல வச்சிட்டு வர வேண்டியதுதானே அத்தை?"

"ஐயய்யோ, அப்படியெல்லாம் வர முடியாது. எது ஓடுது, எது முடிஞ்சுதுன்னு வாயால சொல்லணும். அவ 'எடுத்துக்கிட்டேன்'னு சொல்லணும். அதை அவ சொல்ற வரைக்கும் நான் நகரக் கூடாது. சொல்லிட்டா, அப்புறம் என்ன ஆனாலும் அது அவ பாடு. நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

எனக்குச் சட்டென்று உறைத்தது.

"அத்தை, இந்த வீட்டுல உங்ககிட்டேருந்து யாராவது எப்பவாவது 'எடுத்துக்கிட்டேன்'னு சொல்லியிருக்கோமா?"

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். அவர் வெளியூர் போயிருந்தால்கூட, "அம்மா, பருப்புக்கு எத்தனை விசில்?" என்று போன் போட்டு எழுப்புகிற குடும்பம் நாங்கள். அவர் பொறுப்பை இறக்கி வைக்க இடமே கொடுத்ததில்லை. பிறகு எப்படித் தூக்கம் வரும்?

மாமாவை இழுத்து வந்து நிறுத்தினேன். மாமா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்க விசில் ஊதிச் சம்பாதித்தவருக்கு வீட்டில் ஒரு விசிலை எண்ணுகிற வேலைகூட நாங்கள் கொடுத்ததில்லை. "மத்தியானக் குக்கர் இனிமே உங்க பொறுப்பு மாமா" என்றேன். அத்தை சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "கடலை ஊறியிருக்கு. மூணு விசில். குக்கர் உங்ககிட்ட."

"எடுத்துக்கிட்டேன்" என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி.

அன்று மத்தியானம் குக்கர் ஒரே ஒரு விசில் அடித்தது. அதோடு சரி. சற்று நேரத்தில் அத்தையின் கதவு திறந்தது.

"மீதி ரெண்டு எங்கே?"

மாமா அடுப்பு முன்னால் விறைப்பாக நின்றிருந்தார். முதல் விசிலிலேயே அணைத்துவிட்டாராம். "ஒரு விசில்னா நிறுத்துன்னுதானே அர்த்தம்?" என்றார். தப்பு அவர் மேல் இல்லை, அத்தனை வருஷப் பழக்கம். கை தானாகப் போய்விட்டது. அன்று கல்லுக் கடலையை எல்லாரும் மாத்திரை மாதிரி தண்ணீர் விட்டு விழுங்கினோம். அத்தை மறுபடி குக்கரைத் தானே எடுத்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கும் குக்கர் உங்ககிட்டதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா திருந்தினார். விசிலை எண்ணும்போது யாரையும் பேச விட மாட்டார். நான் வீட்டில் இருக்கும் நாட்களில் கதவைத் திறந்து விரல்களைப் பார்ப்பேன். முதலில் மூன்றும் மடங்கின, ஆனால் ஆள் எழவில்லை. பிறகு சுண்டுவிரல் மட்டும் லேசாக அசைந்தது. விரல்கள் மெல்ல மெல்லச் சோம்பேறியாகிக்கொண்டிருந்தன. இவ்வளவு சந்தோஷமாக ஒரு சோம்பேறித்தனத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் மாமாவின் அக்கா வந்து சேர்ந்தார். நாங்கள் பெரியத்தை என்போம். மணி வேலை செய்யாததால் கதவை இடி இடியென்று இடித்துக்கொண்டு வந்தார். குரல் எப்போதும் பொதுக்கூட்டக் குரல்.

"எங்கே உன் பொண்டாட்டி? வந்தவளுக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆளைக் காணோம்!"

தண்ணீரை நான் கொடுத்தேன். மாமா வழக்கமாக இந்த இடத்தில், "அவளுக்கு உடம்பு சரியில்லக்கா, சும்மா படுத்திருக்கா" என்றுதான் சமாளிப்பார். மனைவி பகலில் தூங்குகிறாள் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். அடுப்பில் குக்கர் வேறு சூடேறிக்கொண்டிருந்தது. அத்தை எழுந்து வந்தால் தீர்ந்தது கதை. நாத்தனாருக்கு உபசாரம் செய்தே பொழுது போகும், ராத்திரி நாற்காலியில் கண் சொக்கும், வேலை போகும்.

"பட்டப் பகல்ல படுத்துக் கிடக்கிறாளா?" என்றார் பெரியத்தை. "எழுப்பு அவளை. பொம்பளை பகல்ல தூங்கினா வீடு விளங்குமா?"

மாமா எழுந்து நின்றார். "மெதுவாப் பேசுக்கா" என்றார். "நான் கடைசி வண்டிக்குப் போயிட்டு வந்து பகல்ல தூங்குவேனே, அப்ப வீடு விளங்கிச்சா இல்லையா? அன்னைக்கு நீ வந்தப்பெல்லாம் வாசல்லயே உன்னை நிறுத்தி, 'உஷ், அவர் தூங்கறாரு'ன்னு அவ சொல்லுவா. நீயும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வருவே. இப்ப அவ டூட்டி முடிச்சிட்டுத் தூங்கறா. எழுப்ப முடியாது."

பெரியத்தை வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் குக்கர் முதல் விசில் அடித்தது.

மூன்று பேரும் அறைக் கதவையே பார்த்தோம். நான் மெல்லப் போய்த் திறந்தேன். மாமாவும் பின்னாலேயே வந்தார். விஷயம் என்னவென்றே தெரியாமல் பெரியத்தையும் எட்டிப் பார்த்தார். அத்தையின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. இரண்டாவது விசில். விரல் அசையவில்லை. மூன்றாவது விசில். ம்ஹூம். அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, மெல்லிய குறட்டை வேறு. நானும் மாமாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. மாமாவின் கண் நிறைந்துவிட்டது. அப்போது வெங்காயமும் பக்கத்தில் இல்லை.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது விசில்களையும் ரசித்துக்கொண்டு நின்றோம். பெரியத்தைதான் கேட்டார்: "ஏண்டா, அடுப்பை யாருமே அணைக்க மாட்டீங்களா?"

கடலை களியாகிவிட்டிருந்தது.

சாயங்காலம் அத்தை எழுந்து வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. பெரியத்தை எப்போதோ போயிருந்தார், போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. அத்தை குக்கரைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கரண்டியால் ஒரு கிளறு கிளறினார். திட்டு விழும் என்று மாமா ஒதுங்கினார்.

"எத்தனை விசில்?"

"ஆறு" என்றேன்.

"ஆறா?" அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெட்கத்தோடு சிரித்தார். "நான் தூங்கிட்டேன்" என்றார்.

மூன்று மாதம் முடிந்தபோது வேலை நிரந்தரமானது. சூப்பர்வைசர் அம்மா கை குலுக்கினாராம். அன்று காலை கறுப்புக் கண்ணாடியோடு வந்து, அதைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் நேரே அறைக்குப் போகாமல், சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றார் அத்தை. கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நீ வந்த புதுசுல ராத்திரி வேலை பாத்தியே" என்றார். "பகல்ல மிக்ஸி போடுவேன் நான். பாதி நாள் அரைக்க ஒண்ணும் இருக்காதும்மா. வெறும் தண்ணியை ஊத்திட்டு ஓட்டுவேன்."

"தெரியும் அத்தை. வெறும் தண்ணிக்குச் சத்தமே வேற."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா அப்ப நீங்க நிறுத்தியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் அத்தை, உள்ளதைச் சொல்கிறவர். பிறகு மிக்ஸியின் ஒயரைச் சுவரிலிருந்து உருவி, சுருட்டி, மூடி மேல் வைத்தார். "அவர் தூங்கறப்ப ஊரையே அடக்கி வச்சேன். உன்னைத்தான் தூங்க விடல. எனக்கு இந்த மூணு மாசமா அதேதான் மனசுல ஓடுது."

நான் மிக்ஸியை எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன்.

"இன்னைக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமா அத்தை."

"போய்த் தூங்கு."

வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் பாதி தூரம் வந்திருந்தது. அந்த வீட்டில், அந்த நேரத்தில், அந்த வார்த்தையை நான் முதல் தடவையாகக் கேட்டேன். அத்தை கூடத்துப் பக்கம் திரும்பி, செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த மாமாவைக் கூப்பிட்டார்.

"என்னங்க, கடலை ஊறியிருக்கு. மூணு விசில், ஆறு இல்ல. யார் வந்தாலும் வாசலோட பேசி அனுப்புங்க. நாங்க ரெண்டு பேரும் தூங்கப் போறோம். வீடு உங்ககிட்ட."

மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"எடுத்துக்கிட்டேன்" என்றார்.